அஸீம் நானாவின் நாலாவது சட்டம்

இல்லங்க நானா, டேங்கிக்கு வரல. டேங்கி வீட்டுல இருக்கு. ஓட்டை இல்ல, மூடியும் இருக்கு. பைப்பும் வேணாம், எல்போவும் வேணாம். அந்தக் கல்குலேட்டரக் கொஞ்சம் கீழ வைங்க. நான் கடைக்கார அஸீம் நானாவப் பாக்க வரல. அட்மின் அஸீம் நானாவப் பாக்க வந்திருக்கேன்.

ஆமா, அந்த ஆப்புல இருக்கிற குழுதான். வீட்டுக்குக் கைவைத்தியம், கண்டி. நானும் அதுல உறுப்பினர்தான். பேரு மோகனராஜ். குழுவுல கே. மோகன்னு இருக்கும், மொகத்துக்குப் பதிலா ஒரு ஸ்பேனர் படம் போட்டிருப்பேன். ஞாபகம் வரலியா? பரவால்ல. அத்தன ஆயிரம் பேர்ல ஒரு ஸ்பேனர எங்க ஞாபகம் வச்சுக்கிறது.

உக்காரட்டுமா? இந்தக் கதிரை விக்கிற கதிரையா, உக்கார்ற கதிரையா? சரி. கொஞ்ச நேரந்தான் நானா. வத்தேகமையில இருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த மழையில நனைஞ்சு கட்டுகஸ்தோட்டைக்கு வந்திருக்கேன். சும்மா வருவேனா?

விஷயம் இதுதான். குழுவுல நிரஞ்சனி வத்தேகமன்னு ஒருத்தங்க இருக்காங்க. இருந்தாங்க. அவங்க வாய நீங்க கட்டிப் போட்டிருக்கீங்க. அத அவுத்து விடணும். இன்னைக்கே அவுத்து விடணும். நாளைக்கு அவுத்தா பிரயோசனம் இல்ல.

சட்டந்தான், தெரியும். சட்டத்த நான் கொற சொல்லவே இல்ல. ஒங்களுக்குப் பின்னாலதான் ஒட்டியிருக்கு, பெயின்ட் வெலைக்குப் பக்கத்துல. நீங்க திரும்பிப் பாக்க வேணாம், எனக்கு மனப்பாடம். வீடு சம்பந்தமான கேள்வி மட்டுந்தான் கேக்கணும். பதில வாசிச்சவங்க சும்மா போகக் கூடாது, உதவியது, ஓரளவு, உதவவில்லை, இந்த மூணுல ஒண்ண அமுக்கிட்டுத்தான் போகணும். ஒரு மாசத்துக்குள்ள பத்து உதவவில்லை வாங்குனா ஒரு மாசத்துக்கு வாய்க்கட்டு. எழுதலாம், ஆனா எழுதுறது வெளிய வராது. ஒங்க போனுக்கு வந்து காத்துக்கிட்டு இருக்கும்.

அப்பறம் அந்த நாலாவது சட்டம். அது நீங்களே எழுதுனதுன்னு கேள்விப்பட்டேன், மத்ததெல்லாம் ஒங்க மருமகன் அமான் எழுதுனதாம். சம்பந்தமில்லாத கேள்வி வந்தா ஏசக் கூடாது, கேட்டவர சரியான இடத்துக்கு அனுப்பணும். என்னா ஒரு சட்டம் நானா! ஒருத்தர் மகளோட சாதகத்தப் போட்டு எப்பக் கல்யாணம் நடக்கும்னு கேட்டாரே, அதுக்கு வந்த பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்தக் கேள்வி இந்தக் குழுவுக்கு உரியது அல்ல. சரியான இடம்: பிள்ளையார் கோயில் ஐயர், காலைப் பூசைக்குப் பிறகு. எவ்வளவு மரியாதை! பார்லிமென்டுல கூட இப்புடிப் பேச மாட்டாங்க.

பிளேன்டீயா? வேணாமே. சரி, ஊத்தியாச்சுன்னா குடுங்க.

நிரஞ்சனி அப்புடி இப்புடி ஆள் இல்ல நானா. அந்தக் கொரங்குப் பதில் ஞாபகம் இருக்கா? அது அவங்க எழுதுனது. ஊரெல்லாம் டேங்கி மூடியக் கொரங்கு கழட்டிப் போட்டு உள்ள எறங்கிக் குளிச்சுக்கிட்டு இருந்திச்சு. ஒருத்தர் கயித்தால கட்டுங்கன்னாரு, கொரங்கு அவுத்திச்சு. ஒருத்தர் கல்லத் தூக்கி வைங்கன்னாரு, கொரங்கு கல்லத் தூக்கி கூரையில போட்டு ரெண்டு சீட் ஒடஞ்சிச்சு. இவங்கதான் எழுதுனாங்க: மூடி மேல ஒரு பேசின்ல தண்ணி வைங்க. அதுக்கு வேண்டியது டேங்கி இல்ல, தண்ணி. அவ்வளவுதான் பதில். உதவியது உதவியதுன்னு எல்லாரும் அமுக்கி அன்னைக்கு ஆப்பே நின்னுபோச்சு. அந்த மாசம் ஒங்க கடையில எத்தன பேசின் போயிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. சிரிக்கிறீங்க பாத்தீங்களா.

சாமான் வாங்க வந்திருக்கிற அந்தச் சிங்கள மஹத்தயாவப் பாருங்க மொதல்ல, நனைஞ்சுகிட்டு நிக்கிறாரு. நான் எங்கயும் ஓடிப் போகல.

என்னா கேக்குறாரு, பைப்புல சுத்துற வெள்ள டேப்பா? எந்தப் பக்கமா சுத்துறதுன்னு தெரியுமாமா? பைப்புல வெட்டியிருக்கிற நூல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமாத்தான் சுத்தணும்னு சொல்லுங்க. எதிர்ப் பக்கம் சுத்துனா முடுக்க முடுக்க அவுந்துரும். சொல்லுங்க நானா, ஒங்க சிங்களம் என்னதவிட நல்லா இருக்கும். என்னா சொல்றாரு? ஓரளவா? பரவால்ல. டேப்ப வாங்கிட்டுத்தானே போறாரு.

பாத்தீங்களா, வெளிய இருக்கிற மனுசனும் இப்பப் பேச்சுக்குப் பேச்சு மார்க் போடுறாரு. நீங்க ஆரம்பிச்சு விட்டது எங்கெங்க போயிருக்குன்னு இந்தக் கவுண்டருக்குள்ள இருந்தா தெரியாது. போன மாசம் எங்க ரோட்டுல ஒரு செத்த வீடு. ஒருத்தர் வந்து அந்த அம்மா கையப் புடிச்சு, எல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சு மனசத் தேத்திக்கங்கன்னாரு. அழுதுகிட்டு இருந்த அம்மா தலையத் தூக்கி, உதவவில்லைன்னாங்க. அவரும் கோவிச்சுக்கல. போயி ஒரு கதிரையில உக்காந்து யோசிச்சாரு. திரும்ப வந்து, மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுல இருந்து வருது, பருப்பும் சோறும்னாரு. உதவியதுன்னாங்க. அழுகைய விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாங்க.

நாவலப்பிட்டியில ஒரு கல்யாணக் கார்ட் பாத்தேன். மாப்பிள்ள பேருக்குக் கீழ நீங்க குடுக்குற பட்டம், நட்சத்திர உதவியாளர், வீட்டுக்குக் கைவைத்தியம், கண்டின்னு தங்க எழுத்துல அடிச்சிருக்காங்க. அவன் படிச்ச பி.கொம். அதுக்குக் கீழ, சின்னதா. பொண்ணு வீட்டுல படிப்பக் கேக்கலியாம், மார்க்கத்தான் கேட்டாங்களாம்.

சரி சரி, விஷயத்துக்கு வாறேன். அந்தப் பத்து உதவவில்லையும் யார் போட்டதுன்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. நான் பாத்தேன். பத்துல நாலு ஒரே ஆள். சுவக்கின். அவரத் தேடி நான் அம்பிட்டிக்கே போனேன். நெசமாத்தான். ஒரு வீட்டுப் பின்பக்கம் சின்ன அனெக்ஸ், அதுல வாடகைக்குத் தனியா இருக்காரு. ரிட்டயர்ட் ஓடிட் ஒபிசர், கணக்குச் சரி பாத்தவரு. நல்ல மனுசன், வாசல்லயே துடைக்கத் துவாய் குடுத்தாரு.

ஐயா, ஏன் இப்புடி எல்லாத்துக்கும் உதவவில்லைன்னு போடுறீங்கன்னு கேட்டேன். தம்பி, உதவியதுன்னா யாருக்கு உதவியதுன்னாரு. வாசிக்கிறவருக்குன்னேன். வாசிக்கிறது நான், எனக்கு உதவணும், என்கிட்ட தண்ணி டேப்பே இல்லன்னாரு. அங்க ஒரு டேப் இருக்கேங்கய்யான்னேன். அது வீட்டுக்காரரோட டேப்புன்னாரு. சுவத்துல ஈரம் கசியுதேன்னேன். வீட்டுக்காரரோட ஈரம்னாரு. கூரை, கதவு, தண்ணி ஓடுற கானு எல்லாம் அப்புடித்தான். அப்ப எதுக்குய்யா இந்தக் குழுவுல இருக்கீங்கன்னு கேட்டேன். வாசிக்க நல்லா இருக்கு தம்பி, நாலு வீட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்குன்னாரு. வாசிச்சா அமுக்கணும்னு சட்டம், பொய்யா அமுக்க மனச்சாட்சி விடலன்னாரு. போட்ட மார்க்கத் திருப்பி எடுங்கய்யான்னேன். மார்க் அவரோடதுதான், திருப்பி வாங்க முடியாதுன்னுட்டாரு. வரும்போது பஸ்ஸுக்குக் கொடையும் குடுத்தாரு. அந்தா சாத்தி வச்சிருக்கேன் பாருங்க, அது அவரோட கொட.

அதான் ஒங்ககிட்ட வந்தேன்.

எந்தெந்தப் பதிலுக்கு மார்க் கொறஞ்சிச்சுன்னா... அதையும் பாக்கணுமா? பாக்கலாம். போன எடுங்க. கண்ணாடி கொண்டு வந்திருக்கேன், நானே வாசிக்கிறேன். இந்தா, இது. கேள்வி என்னான்னா, ஒருத்தர் பிளேன்டீக்கு சீனி போடுவாரா மாட்டாரான்னு அவரக் கேக்காமலே கண்டுபுடிக்க என்ன வழி. அதுக்கு நிரஞ்சனி எழுதுன பதில்: சீனி வேண்டாம். கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு, தட்டில் பக்கத்தில் வைக்கவும். கப்புக்குள் போடக் கூடாது. நல்ல பதில்தானே? கீழ பாருங்க, என்னா சண்டை. சக்கர வருத்தக்காரங்களுக்குக் கருப்பட்டி விஷம், உதவவில்லை. எங்க ஏரியாவுல கருப்பட்டி முழுக்கக் கலப்படம், உதவவில்லை. சுவக்கின் ஐயா: எனக்குத் தேநீர் வீட்டுக்காரர் தருகிறார், உதவவில்லை.

அடுத்தது. பல வருஷம் வெளிய இருந்துட்டு வந்த ஒருத்தருக்கு, வீட்டுல எந்தக் கதிரை அவரோடதுன்னு எப்புடித் தெரியும்? பதில்: சன்னலோரம் இருப்பது. கொஞ்சம் ஆடும். ஒரு காலுக்கடியில் கடதாசி மடித்து வைக்கவும். எங்கள் வீட்டுக் கதிரைகள் ஆடுவதில்லை, உதவவில்லைன்னு ரெண்டு பேரு. பெருமைக்குப் போட்ட மார்க்கு நானா இது.

இன்னொண்ணு. ஒருத்தரோட சட்டைகளை அலுமாரியில் எந்தத் தட்டில் வைப்பது? பதில்: மூன்றாவது தட்டு. அது எப்போதும் காலியாகத்தான் இருந்தது.

எங்கள் அலுமாரியில் இரண்டு தட்டுத்தான், உதவவில்லை. பூச்சி மருந்து போடச் சொல்லவில்லை, உதவவில்லை.

கேள்வியா? கேள்வி ஒரு மாதிரியாத்தான் இருக்கு, ஒத்துக்குறேன். இது வீட்டுப் பழுதுக்குள்ள வராது. ஆனா ஒங்க சட்டத்துல கேள்விக்கு மார்க் இல்லியே நானா. பதிலுக்கு மட்டுந்தானே மார்க். கேட்டவன் சும்மா இருக்கான், சொன்னவ மாட்டிக்கிட்டா. நாலாவது சட்டப்படி அவ இதெல்லாம் வேற இடத்துக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பல. ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதியிருக்கா.

கேட்டது யாருன்னா... மேல பேரு இருக்குமே. ஆமா. ஸ்பேனர் படந்தான். எல்லாம் ஒரே ஸ்பேனர்தான்.

ஆமாங்க, நான்தான் கேட்டேன்.

அவளுக்கு எப்புடி எங்க வீட்டுக் கதிரை தெரியும்னா, எங்க வீடுதான் அவ வீடு. என் சம்சாரம் நானா. அப்புடிப் பாக்காதீங்க. அந்த டீ ஆறிக்கிட்டு இருக்கு, குடிச்சிருவோம்.

சண்டையெல்லாம் இல்ல. சண்டைன்னாலும் பரவால்லியே, சண்டையில பேசணுமே. நான் மஸ்கட்ல பதினாலு வருஷம் இருந்தேன். பெரிய கட்டடம், அதுக்கு மெயின்டனன்ஸ். மத்தவங்க வீட்டு டேப், மத்தவங்க வீட்டு ஏசி, மத்தவங்க வீட்டுக் கக்கூஸ். எல்லாம் இந்தக் கையாலதான். வேல முடிஞ்சு ரூமுக்கு வந்து போன எடுத்தா நாங்க பேசுவோம் பாருங்க, கரண்ட் போற வரைக்கும் பேசுவோம். இன்னைக்கு மீன் என்னா வெல, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம். திருவிழா மாதிரி இருக்கும்.

போன வருஷம் முடிச்சுக்கிட்டு வந்துட்டேன். வந்து அவ முன்னால உக்காந்தா, பேச்சே வரல. அவளுக்கும் வரல. மகன் குடும்பத்தோட கொழும்புல, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். போன்ல மொகம் இல்லாம பேசிப் பழகியாச்சு நானா. இப்ப மொகத்தப் பாத்துகிட்டே மீன் வெலையச் சொன்னா, என்னமோ பொய் சொல்ற மாதிரி இருக்கு. அவ சாப்பிடுங்கன்னுவா, நான் போதும்னுவேன். அவ மழ வருதுன்னுவா, நான் ஆமான்னுவேன். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.

சரி, வீட்டுல எதையாவது பழுது பாப்போம், பிரயோசனமா இருப்போம்னு ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு வீடு பூரா சுத்துனேன். ஒரு டேப்பாவது ஒழுகணுமே! ஒரு கதவாவது இழுக்கணுமே! ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் அவளே செஞ்சு வச்சிருக்கா. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். குழுன்னா. பதினாலு வருஷத்துல கடைசி அஞ்சு வருஷம் என் வேலைய ஒங்க குழுதான் நானா பாத்திருக்கு. ஒங்களக் கொற சொல்லல, நன்றிதான் சொல்லணும். ஆனா ஒரு மனுசன் சொந்த வீட்டுக்குள்ள ஸ்பேனரோட போயி நின்னு, ஒண்ணும் ஒழுகாமப் பாத்துக்கிட்டு நிக்கிறது இருக்கே... அத எந்தக் குழுவுல போட்டுக் கேக்குறது.

அப்பறந்தான் குசினியில, அவ சமைக்கிற எடத்துல, டேப் கீச்சுன்னு சத்தம் போட ஆரம்பிச்சிச்சு. எனக்கு அப்புடியே மழ பேஞ்ச மாதிரி இருந்திச்சு. அது ஏன் சத்தம் போடுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆயிரம் டேப் பாத்தவன். வாசர் தேஞ்சிருக்கும், நூலுல கொஞ்சம் கிரீஸ் வேணும். ஆனா நான் ஹோல்ல உக்காந்து குழுவுல கேட்டேன், குசினி டேப் ஏன் கீச்சுங்குதுன்னு. குசினிக்குள்ள அவ போன் டிங்குன்னிச்சு. அப்பறம் என் போன் டிங்குன்னிச்சு. நிரஞ்சனி வத்தேகம: வாசர் தேய்ந்திருக்கும். கிரீஸ் இரண்டாவது லாச்சியில்.

எந்திரிச்சுப் போனேன். அவ நகந்து எடம் விட்டா. ரெண்டாவது லாச்சிய இழுத்தேன், கிரீஸ் அதுக்குள்ளதான் இருந்திச்சு. செஞ்சு முடிச்சேன். திரும்ப ஹோலுக்கு வந்து உக்காந்து, உதவியதுன்னு அமுக்குனேன். உள்ள டிங்குன்னிச்சு. அதுக்கு அப்பறம் அவ ஒரு பாட்ட முணுமுணுத்தா நானா. கல்யாணம் முடிச்ச புதுசுல முணுமுணுத்தது. வார்த்த அவளுக்கு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது, மெட்டு மட்டுந்தான்.

அப்புடித்தான் தொடங்கிச்சு. பெறகு நான் கேள்வியா கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒழுகுற சாமான் தீந்துபோச்சு, அதான் பிளேன்டீ, கதிரை, அலுமாரின்னு போனேன். அது சட்டத்துக்கு வெளிய போகுதுன்னு எனக்குப் படல. எனக்கு அதெல்லாம் வீட்டுப் பழுதாத்தான் பட்டுச்சு.

அதத்தானே கேக்குறீங்க, வீட்டுல வாயால கேக்க வேண்டியதுதானேன்னு. எல்லாரும் கேக்குறது. சுவக்கின் ஐயாவும் கேட்டாரு. கேக்கலாம். இன்னைக்குக் கேப்போம்னு எந்திரிப்பேன். குசினி வாசல் வரைக்கும் போவேன். அவ திரும்பிப் பாப்பா. என்னங்கன்னுவா. தண்ணின்னுவேன். தண்ணி குடுப்பா. இந்த வாரத்துல நான் குடிச்ச தண்ணி, ஒங்க பெரிய டேங்கி ஒண்ணு நெறையும்.

ஏன் இன்னைக்கேன்னா, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மஸ்கட் கம்பெனியில இருந்து கூப்புட்டிருக்காங்க. பழைய மேனேஜர் திரும்ப வந்திருக்காராம், கட்டடத்துல லிஃப்ட், பம்ப் எல்லாம் சீரழிஞ்சு கெடக்காம், மோகன் வந்தாத்தான் சரி வரும்னு சொன்னாராம். இன்னொரு ரெண்டு வருஷம். நாளைக்குப் பகலுக்குள்ள வாறேன், வரலன்னு ஒண்ணு சொல்லணும். அங்க போனா எனக்கு வேல இருக்கு. ராத்திரியில அவகூடப் பேச்சும் இருக்கும். இங்க இருந்தா அவ இருக்கா. அதான் கணக்கு ஒதைக்குது.

குழுவுல கேட்டேன். ஒருத்தருக்கு வெளிநாட்டுல திரும்பவும் வேல வந்திருக்கு, போகவா, இருக்கவா? நீங்க பாக்கலியா? வந்து கொட்டிச்சு பதில். ஒருத்தர் ஏஜென்சிக்காரன் நம்பர் போட்டாரு. ஒருத்தர் பெட்டிய வீட்டுலயே நிறுத்துப் பாத்துக்கிட்டுப் போங்கன்னாரு, அதுக்குத்தான் எக்கச்சக்க உதவியது. தராசு எங்க வாங்கலாம்னு அதுக்குக் கீழ நீங்களும் எழுதியிருக்கீங்க, வெலையோட. டொரதின்னு கம்பளையில இருந்து ஒரு டீச்சர், ஊறுகாய ரெண்டு பொலித்தீன்ல சுத்தச் சொன்னாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் எழுதுனாங்க நானா. நான் எல்லாத்துக்கும் ஓரளவுன்னு அமுக்குனேன்.

ஆனா எனக்கு வேண்டிய பதில் வரல. அவ எழுதுனா. நான் ஹோல்ல இருந்து பாத்தேன், கதவு இடுக்குல தெரிஞ்சிச்சு. அடுப்புல சோறு கொதிக்குது, அவ சுவத்துல சாஞ்சுகிட்டு எழுதுறா, அழிக்கிறா, எழுதுறா. கஞ்சி பொங்கி அடுப்பு அணைஞ்சிருச்சு. அவ பாக்கல. அப்பறம் அமுக்குனா. போன மேசையில கவுத்து வச்சுட்டு அடுப்பத் தொடச்சா. நான் என் போனக் கையில வச்சுக்கிட்டு டிங்குக்கு உக்காந்திருந்தேன்.

வரல. அப்பத்தான் வெளங்கிச்சு, வாய்க்கட்டுன்னு. நான் கேட்ட கேள்வியாலயே கட்டுன வாய்.

அவளுக்குத் தெரியாது நானா, அது வெளிய வரலன்னு. ஒங்க ஆப் எழுதுனவங்களுக்கு ஒண்ணும் சொல்லாது. நான் வாசிச்சுட்டுத்தான் சும்மா இருக்கேன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. மூணு நாளா அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு எனக்குச் சோறு போடுறா.

அதனால, இப்ப யோசிச்சா, அவள நீங்க திரும்ப சேத்துக்கக் கூட வேணாம். சட்டம் சட்டமாவே இருக்கட்டும். அந்த ஒண்ண மட்டும் பாக்கணும். ஒங்க போன்லதான் கெடக்கு, காத்திருப்புல. இந்தப் பெட்டியத் தொறந்தா வந்துரும். மத்தவங்க எழுதுனத நான் பாக்க மாட்டேன், கையால மறைச்சுக்கங்க. அவளோடது ஒண்ணு மட்டும்.

அடேயப்பா, இவ்வளவு பேரா காத்துக்கிட்டு இருக்காங்க? பாவம். கீழ போங்க. இன்னும் கீழ. அந்தா, நிரஞ்சனி. நில்லுங்க, தொறக்காதீங்க. கொஞ்சம் இருங்க. கண்ணாடியத் தொடச்சுக்கிறேன்.

ம். தொறங்க.

இந்தக் கேள்வி இந்தக் குழுவுக்கு உரியது அல்ல. சரியான இடம்: குசினி.

கீழ இழுங்க. இன்னும் இருக்கும். இல்லியா? இவ்வளவுதானா? இதுக்கா கஞ்சி பொங்குற வரைக்கும் எழுதுனா? எழுதி எழுதி அழிச்சிருப்பா. அழிச்சதெல்லாம் போக மிஞ்சுனது இதுதான் போல.

நாலாவது சட்டம் நானா. ஒங்க சட்டம். அச்சுப் பெசகாம எழுதியிருக்கா பாருங்க. நீங்க அழுகக் கூடாது, கடையில ஆளு வந்திருக்கு.

இல்ல இல்ல, அத வெளிய விட வேணாம்! விட்டா சுவக்கின் ஐயா வந்து உதவவில்லைன்னு போடுவாரு. அவருக்குன்னு குசினியும் இல்ல. அப்புடியே காத்திருப்புலயே கெடக்கட்டும். மார்க் நான் நேர்ல குடுத்துக்கிறேன்.

சரி, நான் போறேன். கொடைய மறந்துட்டேன் பாருங்க. இந்தக் கொடைய அம்பிட்டியில குடுக்கணும், அது நாளைக்கு, மஸ்கட்டுக்குப் பேசுனதுக்கு அப்பறம். அது சரி நானா, இந்தப் பக்கத்துல நல்ல கித்துள் கருப்பட்டி எங்க கெடைக்கும்? அட, போன எதுக்கு எடுக்குறீங்க? குழுவுல போடாதீங்க. வாயால சொல்லுங்க.